கொக்கு வண்ணக்கரின் தீவில் என்னைப் பெண் பார்த்தார்கள்

கொக்குகளுக்குக் கோயில் நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஊரில் இருந்தார். அந்தக் கோயிலுக்குக் கோபுரம் இல்லை, கூரை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, அவசரத்துக்கு ஒதுங்க ஒரு மறைப்புக்கூட இல்லை. இருந்ததெல்லாம் சேறும், சேற்றில் நின்ற கண்ணா என்கிற அலையாத்தி மரங்களும், மரம் நிறையக் கொக்குகளும், அவற்றுக்குக் கீழே இவரும்தான்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய பெண்சாதிக்குத் தெரியுமோ என்பதும் சந்தேகம்தான். ஊருக்கெல்லாம் அவர் ‘கொக்கு வண்ணக்கர்’. வண்ணக்கர் என்றால் மட்டக்களப்புப் பக்கத்தில் கோயிலை நிர்வாகம் பண்ணுகிற பெரியவர். திருவிழா எப்போது, எந்தக் குடிக்கு எந்தப் பூசை, யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். கோயில் சாவி அவர் மடியில் இருக்கும். எங்கள் ஆளிடம் சாவி மட்டும் இல்லை. தீவுக்குக் கதவு கிடையாது. மற்ற அதிகாரம் எல்லாம் இருந்தது.

எங்கள் ஊர் படுவான்கரையில், பழுகாமத்துக்குக் கிட்ட. அதாவது வாவியின் மேற்குக் கரை. எதிரே தெரிவது எழுவான்கரை. இரண்டுக்கும் நடுவில், யாரோ கை கழுவும்போது உதறிவிட்ட சோற்றுருண்டை மாதிரி ஒரு சின்னத் தீவு. கொக்குத்தீவு என்போம். சண்டைக்கு முந்திய காலத்தில் ஒருநாள் அரசாங்கக் கந்தோரிலிருந்து அரைக் காற்சட்டை போட்ட துரைமார் தோணியில் போய் அதைச் சுற்றிப் பார்த்தார்கள். இந்த மாதிரிக் கண்ணாக்காடு நாட்டிலேயே ஒன்றிரண்டு இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது, இனிமேல் இது பாதுகாக்கப்பட்ட இடம், ஒருவரும் மரம் வெட்டவும் கூடாது பறவையைக் கலைக்கவும் கூடாது என்று சொன்னார்கள். அதற்கு ஒரு காவலாளி வேண்டும் என்றார்கள். அந்த நேரம் கரையில் வேலையில்லாமல் நின்றவர் இவர். காக்கிக் காற்சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவருக்கு வந்த சிக்கல் என்னவென்றால், கோயிலைத் தவிர வேறு எந்த இடத்தையும் காவல் காக்கிற விதம் அவருக்குத் தெரியாது. ஆகவே அவர் அதைக் கோயிலாக்கிவிட்டார்.

“அரிதான இடமெண்டு துரை சொன்னாரே, விளங்கல்லையா?” என்று ஊரைப் பார்த்துக் கேட்டார். “தலவிருட்சம் கண்ணா. தீர்த்தம் வாவி. மூர்த்தி கொக்கு. இன்னும் என்னத்தக் கேக்கிறீங்க?”

அன்றையிலிருந்து சட்டம் போட்டார். தீவில் கால் வைப்பவர் செருப்புக் கழற்றவேண்டும். அன்று மச்சம் தின்னக்கூடாது. துடக்கு, அதாவது தீட்டு, உள்ள வீட்டுக்காரர் தோணியைத் திருப்பவேண்டும். உரக்கப் பேசக்கூடாது. எங்கள் ஊர் மீன்காரர் ஒருவர் துணிந்து கேட்டார்:

“வண்ணக்கரே, உங்கட சாமி விடியத் தொடங்கினா பொழுதுபடுமட்டும் மீன்தானே திங்குது. நாங்க மட்டும் மரக்கறியா?”

“சாமி திங்கிறது சாமிட விசயம். நீ திண்டுபோட்டு வராத.”

அத்தோடு நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் மனிதருக்குக் குடி உண்டு. தாய் வழியாக வரும். ஒரே குடிக்குள் கலியாணம் கட்டமாட்டோம். இவர் பறவைகளையும் குடி பிரித்தார். நாரை ஒரு குடி, நீர்க்காகம் ஒரு குடி, கூழைக்கடா ஒரு குடி. கூழைக்கடாவுக்கு முதல் மரியாதை, ஏனென்றால் அதற்குத்தான் தாடை பெரிது. எந்தக் குடி எந்த மரத்தில் இருக்கவேண்டும் என்றும் பிரித்துக் கொடுத்தாராம். பறவைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “குடிக் கட்டுப்பாடு கெட்டுப்போச்சு” என்று கரையிலிருந்து கவலைப்படுவார்.

கூடு கட்டும் காலம் தொடங்கினால் தீவில் ஒரு கம்பை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார். அதுதான் கொடியேற்றம். குஞ்சுகள் பறக்கிறமட்டும் தீவில் ஒரு குருவியும் போகக்கூடாது. நான் சொல்வது மனிசக் குருவியை.

பிறகு சண்டை வந்தது. கந்தோர் பூட்டப்பட்டது. துரைமார் போன இடம் தெரியவில்லை. இவருக்கு ஒருவரும் ‘நிறுத்து’ என்று சொல்லவில்லை. ஆகவே நிறுத்தவில்லை. எழுவான்கரையில் ஆமியின் சென்றி என்கிற காவலரண், படுவான்கரையில் இயக்கப் பொடியன்மாரின் சென்றி, நடுவில் இவருடைய கொடி. அந்த வருசமும் வழக்கம்போல வெள்ளைத் துணி கட்டினார். அந்தக் கரைக்காரர் இந்தக் கரைக்காரர் பணிந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். இந்தக் கரைக்காரர் அந்தக் கரைக்காரர் பணிந்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு வெடி இல்லை. ஊர் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கியது. பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “ஆரு கட்டின கொடி?”

துணியின் நிறத்தை மாற்றச் சொன்னார்கள். சிவப்பு என்றால் ஒருவருக்குக் கோபம், பச்சை என்றால் இன்னொருவருக்குக் கோபம், மஞ்சள் என்றால் எல்லோருக்கும் கோபம். கடைசியில் அவர் தான் இடுப்பில் உடுத்துகிற பழைய காத்தான்குடிச் சாரன் ஒன்றைக் கட்டினார். கட்டம் போட்டது. கட்டம் போட்ட சாரனுக்கு அந்தக் காலத்தில் கட்சி இல்லை.

ஆமிக்காரர் ஒருமுறை படகில் வந்து தீவில் இறங்கினார்கள். ஆட்கள் ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க. வண்ணக்கர் இரண்டு கையையும் விரித்து மறித்தாராம். அவருக்குத் தெரிந்த சிங்களம் ஒரே ஒரு வசனம்: “சத்த கரன்ன எப்பா.” சத்தம் போடாதே என்று அர்த்தம். அதைச் சொல்லிச் சொல்லி அவர்களுடைய சப்பாத்தைக் காட்டினார், பிறகு கொக்கைக் காட்டிக் கும்பிட்டார். அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சப்பாத்தோடு இறங்கினார்கள். கொக்குத்தீவுச் சேறு அப்படி இப்படிப்பட்ட சேறில்லை. ஒவ்வொரு சப்பாத்தாக வாங்கி வைத்துக்கொண்டது. எல்லோரும் வெறுங்காலோடு படகில் ஏறினார்கள். தலைவனாக வந்தவன் ஏறுமுன் தீவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டானாம்.

“நான் சொல்லக் கேக்கல்ல. சாமி தானே கழட்டிப்போட்டுது” என்றார் வண்ணக்கர்.

மறுகிழமை பொடியன்மார் பங்கர்க் குழிக்குக் கம்பு வெட்ட வந்தார்கள். “எந்தச் சாமிட கோயில் ஐயா இது?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். இவர் ஒரு கூழைக்கடாவைக் காட்டினார். அது அந்த நேரம் பார்த்து ஒரு முழு மீனை விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல், கண்ணைப் பிதுக்கிக்கொண்டு கழுத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. “கோபத்தில இரிக்கு. இண்டைக்கு வெட்டாதீங்க தம்பிமார்” என்றார். அவர்கள் வேறெங்கோ போய் வெட்டினார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் கலியாணம் போய் மாட்டிக்கொண்டது.

எனக்கு அப்போது வயது முப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குறை ஒன்றும் இல்லை. வாய்தான் திறக்காது. வீட்டுக்குள் அம்மாவோடு பேசுவேன். ஆடு மாடுகளோடு நன்றாகவே பேசுவேன். புது முகம் ஒன்றைக் கண்டால் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதல் முறை பார்க்க வந்தவர்கள் என் பெயரைக் கேட்டார்கள். நான் யோசித்து யோசித்து அம்மாவின் பெயரைச் சொன்னேன். அடுத்து வந்தவர்கள் என்ன சமைப்பாய் என்று கேட்டார்கள். நான் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர்கள் தேத்தண்ணீர் குடித்து, பணியாரம் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, பெட்டை ஊமை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. சண்டை வேறு. இருந்த மாப்பிள்ளைமார் எல்லாம் வெளிநாட்டுக்கோ காட்டுக்கோ போய்விட்டார்கள்.

அப்படி இருக்கும்போது என் தாய்மாமா எழுவான்கரையில் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். தச்சுவேலை செய்கிற பிள்ளை. அமைதியானவர். குடியும் பொருத்தம். ஆனால் தாய் இலேசான ஆள் இல்லையாம்.

“வாய் சரியான பெரிசு. பெட்டையோட நாலு கதை கதைச்சுப் பார்க்காம மகனத் தரமாட்டன் எண்டு நிக்கிறா” என்றார் மாமா.

அவரைக் குறை சொல்லமுடியாது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒரே மகனை வாவி தாண்டி அனுப்பப் போகிறவருக்கு, யாரிடம் அனுப்புகிறோம் என்று தெரியவேண்டாமா? ஆனால் நாலு கதை! நான் ஒன்றுக்கே வழியில்லாதவள். அம்மா அன்றிரவு என் தலையை வாரிவிட்டுக்கொண்டே மெல்லச் சொன்னார்: “இதுவும் தப்பினா இனி ஆரும் வரமாட்டாங்க மனே.”

எங்கே பார்ப்பது என்று அடுத்த பிரச்சினை. இளந்தாரிப் பிள்ளை ஒருவர் துறையால் இந்தக் கரைக்கு வந்தால் இந்தக் கரைக்காரர் சந்தேகப்படுவார்கள். திரும்பிப் போனால் அந்தக் கரைக்காரர் சந்தேகப்படுவார்கள். வந்தால் ஒரேயடியாக வரவேண்டும். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று திரும்புகிற வசதி கிடையாது. மாமா தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: “கொக்குத்தீவில பார்ப்பம். மீன் புடிக்கிற மாதிரி ரெண்டு பக்கத்தாலயும் தோணி போனா ஆருக்குத் தெரியும்?”

வண்ணக்கரிடம் அனுமதி கேட்க மாமாவும் அம்மாவும் நானும் போனோம். அவர் கரையில் குந்தியிருந்து, நீர்க்காகம் ஒன்று நாரையின் மரத்தில் இருப்பதை முறைத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு அங்க போகணும்?”

“பொண்ணு பார்க்க” என்றார் மாமா.

“அது கொக்கு பார்க்கிற இடம்.”

மாமா கெஞ்சினார். வண்ணக்கர் வானத்தைப் பார்த்தார். கூடு கட்டத் தொடங்கிவிட்டதாம், கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறதாம். “நாளைக்கு வெள்ளென வந்து வெள்ளெனப் போகணும்” என்று இறங்கி வந்தார். பிறகு என்னைக் காட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி:

“ஏன்கா, புள்ளைக்குத் துடக்குக் கிடக்கா?”

எனக்கு அந்த இடத்திலேயே வாவிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. அம்மா விடவில்லை.

“உங்கட கொக்கெல்லாத்தையும் கேட்டுப்போட்டா இரிக்க விட்டீங்க?”

அவர் அதைக் காதில் விழாத மாதிரி விட்டுவிட்டுச் சட்டங்களை அடுக்கினார். சிவப்பு, மஞ்சள் சேலை உடுக்கக்கூடாது, பறவை மிரளும். காப்பு போடக்கூடாது, சத்தம் வரும். தலையில் பூ வைக்கக்கூடாது, மினுங்குகிற நகை கூடாது. பேச்சு அறவே கூடாது.

“அப்ப நான் என்ர புள்ளையக் காட்டுறதா, ஒளிக்கிறதா?” என்றார் அம்மா.

“கொக்கு எழும்பினா என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?” என்று மாமா அம்மாவை அடக்கினார். “அவ்வளவும் ஒண்டா எழும்பினா ரெண்டு கரைச் சென்றியும் திரும்பிப் பார்க்கும். தீவில ஆளெண்டு படகு வரும். மாப்பிள்ளைப் பொடியன அள்ளிப்போட்டுப் போயிடுவானுகள். மறுகா நாம ஆருக்குப் பதில் சொல்லுற?”

அம்மா என் கைக் காப்பைக் கழற்றத் தொடங்கினார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோசம். பேச்சு அறவே கூடாது! இப்படி ஒரு பெண் பார்க்கும் இடத்தை ஏன் இவ்வளவு நாளும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை?

அடுத்த நாள் விடியற்காலை, சாணி நிறத்துச் சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, கழுத்திலும் கையிலும் ஒன்றும் இல்லாமல், செத்த வீட்டுக்குப் போகிறவளைப் போல நான் மணப்பெண்ணாகப் போனேன். வண்ணக்கர் தோணியிலேயே எங்களைச் சோதனை போட்டார். சென்றியில்கூட அப்படிச் சோதிக்கமாட்டார்கள். அம்மா சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பணியாரப் பெட்டி அகப்பட்டுக்கொண்டது.

“இதென்ன?”

“பார்க்க வாறவங்களுக்கு வாயில போட ஒண்டும் வேணாமா?”

“முட்டை போட்டதா?”

அம்மா முழித்தார். “கோழி முட்டைதானே.”

“கோழியும் பறவைதான்கா! குஞ்சு பொரிக்கிற இடத்துக்கு முட்டைப் பணியாரமா?” என்று சொல்லி, முட்டை உண்டா இல்லையா என்று ஒன்றை எடுத்துத் தின்று பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. இன்னொன்று பார்த்தார். பெட்டி முடிகிறபோது, முட்டை போட்டதுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

தீவில் இறங்கினால், முதலில் நாற்றம். கருவாடும் சுண்ணாம்பும் சேர்ந்து அவிந்த மாதிரி ஒரு நாற்றம். பிறகு சத்தம். எங்களைச் சத்தம் போடாதே என்றாரே தவிர, அவருடைய சாமிகள் போட்ட சத்தம் சந்தையில்கூட இராது. எங்கே பார்த்தாலும் கூடு. இருக்க இடம் இல்லை, நிழலுக்குப் போனால் மேலேயிருந்து எச்சம் விழுகிறது, வெயிலுக்கு வந்தால் தலை வெடிக்கிறது. மாப்பிள்ளை பகுதி எங்களுக்கு முன்னரே வந்து ஒரு கண்ணா வேரில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மாப்பிள்ளை நீலச் சட்டையோடு வந்திருந்தார். நாங்கள் போகும்போது அது முக்கால்வாசி வெள்ளையாகிவிட்டது. பக்கத்தில் அவருடைய தாய். நல்ல பருமன். தலையில் ஒரு துவாய். வாய் மூடித்தான் இருந்தது, ஆனால் உள்ளே கேள்விகள் முட்டி மோதுவது கன்னத்தில் தெரிந்தது.

வண்ணக்கர் எங்களை எதிர் வேரில் இருத்தினார். விரலை உதட்டில் வைத்தார். பெண் பார்க்கும் சடங்கு தொடங்கியது.

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சேற்றைப் பார்த்தேன். அந்தத் தாய்க்குப் பொறுக்கவில்லை. என்னை நோக்கிக் கையைக் காட்டி, சட்டியில் கிண்டுவது போலக் கிண்டிக் காட்டினார். சமைப்பியா?

என் கை தன்பாட்டில் எழும்பியது. தேங்காய் துருவினேன், பால் பிழிந்தேன், மீன் செதில் உரசினேன், உப்புப் பார்த்தேன். அவருடைய கண் பெரிதாகியது. அடுத்து ஊசி கோர்ப்பது போலக் காட்டினார். நான் சட்டையே தைத்து முடித்து, தெறிப் பொத்தானும் பூட்டிக் காட்டினேன். நெல் புடைப்பியா? புடைத்தேன், கல் பொறுக்கினேன், உமியை ஊதினேன், கண்ணில் பட்ட உமியையும் தட்டினேன். அவர் சிரிப்பை அடக்கத் துவாயை வாயில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் நான் அவ்வளவு கதை கதைத்ததில்லை. மாப்பிள்ளை நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். நானும் பார்த்துவிட்டேன்.

வண்ணக்கர் ஓடி வந்தார். “கையால சத்தம் போடாதீங்க!” என்று குசுகுசுத்தார்.

நல்லபடியாக முடிந்திருக்கவேண்டியது. ஆனால் அந்தத் தாய் கொஞ்ச நேரமாக இப்படியும் அப்படியும் நெளியத் தொடங்கினார். என்னைப் பார்த்துக் கடைசியாக ஒரு சைகை காட்டினார். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. விடியமுன் தோணி ஏறியவர். நான் வண்ணக்கரைக் காட்டினேன். அந்தத் தாய் அவர் கிட்டப் போய்க் குசுகுசுத்தார்.

“கோயிலுக்குள்ளயா?” என்று வண்ணக்கர் நெஞ்சில் கை வைத்தார். “எந்தக் கோயிலுக்குள்ள கா கக்கூசு கட்டி வச்சிருக்காங்க?”

“அப்ப விடிஞ்சதிலயிருந்து உன்ர சாமியெல்லாம் என்ர தலையில செய்யிறது என்னதாம்? அபிசேகமா?”

வண்ணக்கர் தீவின் பின்பக்கத்தைக் காட்டி, “வெளிவீதிக்குப் போங்க” என்றார். பெண்ணுக்குப் பெண் துணை என்று நான் கூடப் போனேன்.

பின்பக்கத்தில் மரம் குறைவு, சேறு அதிகம். அவர் ஒரு பற்றைக்குப் பின்னால் ஒதுங்கிக் காரியத்தை முடித்தார். திரும்புகிறபோது குறுக்கு வழி என்று நினைத்துத் தரை மாதிரித் தெரிந்த இடத்தில் காலை வைத்தார். கால் போன இடம் தெரியவில்லை. மற்றக் காலை ஊன்றி எடுக்கப் பார்த்தார், அதுவும் போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே தொடை வரை இறங்கிவிட்டார். உதறினார். இடுப்பு வரை இறங்கிவிட்டார்.

அவருடைய வாய் திறந்தது. அந்த வாயைப் பற்றித்தான் மாமா சொல்லியிருந்தாரே. அது ஒருமுறை கூப்பிட்டால் தீவில் ஒரு கொக்கு மிஞ்சாது. எல்லாம் எழும்பும், இரண்டு கரையும் திரும்பும், படகு வரும், அங்கே நீலச் சட்டையோடு குந்தியிருக்கிற அவருடைய மகனுக்கு ஓட இடம் கிடையாது. கத்தாவிட்டால் இந்த மனிசி தாழ்ந்து போகும்.

நான் யோசிக்கவில்லை. சேற்றில் நெஞ்சு படக் கிடந்து ஊர்ந்து போய், எனக்கு மாமியாராக வரப் போகிறவரின் வாயைச் சேற்றுக் கையால் பொத்தினேன்.

“மாமி, கத்தாதீங்க” என்றேன். “உங்கட மகன் அங்க இரிக்கார். கத்தினா கொக்கு எழும்பும். உதறாதீங்க. உதறினா இன்னும் தாழும். என்னைப் பாருங்க. அப்படியே முன்னால சாஞ்சு படுங்க. மெத்தையில படுக்கிற மாதிரி. கையை விரிங்க. பயப்படாதீங்க, நான் நண்டு புடிக்கப் போய் எத்தனை தரம் இப்படித் தாழ்ந்திரிக்கன். நான் சாகல்லத்தானே. நீங்களும் சாகமாட்டீங்க. சாக விடமாட்டன்.”

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. நின்றபாடில்லை, பேசிக்கொண்டே இருந்தேன். அவர் முழித்த கண் முழித்தபடி, நான் சொன்னபடியெல்லாம் செய்தார். இறங்குவது நின்றது. ஆனால் இழுத்து எடுக்க எனக்குப் பலம் போதவில்லை.

பின்னால் ஒரு மூச்சுச் சத்தம். வண்ணக்கர். ஏதோ ஒரு நாரை கழுத்தை நீட்டிப் பார்த்ததாம், வெளிவீதியில் என்னவோ நடக்கிறது என்று வந்திருக்கிறார். வந்தவர் எங்களைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கண்ணா மரத்தைப் பார்த்தார். அவருடைய முகம் அப்போது போன போக்கை என்னால் எழுத முடியாது. ஒரு சுள்ளி ஒடித்தவனையும் தீவை விட்டுத் துரத்திய மனிதர் அவர். கையை எடுத்து அந்த மரத்தைக் கும்பிட்டார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்க சாமிகளே. பொம்புள ஒண்டு தாழுது.”

சடக்கென்று ஒரு கொப்பை முறித்தார். அந்தச் சத்தத்துக்கு நாலைந்து கொக்கு எழும்பியது. எங்களுக்கு உயிர் போய் வந்தது. அவர் அவற்றை அண்ணாந்து பார்த்து, “இரிங்க, இரிங்க, ஒண்டுமில்ல” என்று பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரிச் சொன்னார். அவை ஒரு வட்டம் சுற்றிவிட்டு இருந்த இடத்தில் வந்து இருந்தன. இன்னும் இரண்டு கொப்பு முறித்தார், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கும்பிடு. சேற்றில் பரப்பி, தானும் அதன்மேல் விழுந்து படுத்து, உடுத்திருந்த சாரனை உருவி ஒரு தலைப்பை அந்தத் தாயிடம் எறிந்தார். கந்தோர் கொடுத்த காக்கிக் காற்சட்டையை அன்று அவர் உள்ளே போட்டிருந்தது எங்கள் எல்லோருடைய குலதெய்வமும் சேர்ந்து செய்த வேலை.

இழுத்தோம். அந்தச் சேற்றுக்கு அவரை விட மனமே இல்லை. கடைசியில் ஒரு பெரிய முத்தச் சத்தத்தோடு விட்டது.

மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு சேற்றில் கிடந்தோம். தேடிக்கொண்டு வந்த மாப்பிள்ளைக்கு எது தாய், எது பெண், எது வண்ணக்கர் என்று தெரியவில்லை. நடுவில் கிடந்த வண்ணக்கரைத் தொட்டு “அம்மா?” என்றார்.

தாய் இந்தப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

“மனே, இவளுக்கு வாயில்லயாமே? எந்தப் பொறுக்கி சொன்னான்? என்ர வாயையே பொத்திப்போட்டாள்டா இவள்!” என்று குசுகுசுத்தார். பிறகு சேற்றுக் கையால் என் கன்னத்தைப் பிடித்தார். “உன்ன இவளிட்டக் குடுத்திட்டு நான் அந்தக் கரையில நிம்மதியாக் கிடப்பன்.”

இப்படித்தான் என் கலியாணம் பேசி முடிந்தது. பணியாரம் இல்லாமல், தேத்தண்ணீர் இல்லாமல், கழுவ ஒரு சிறங்கை நல்ல தண்ணீர்கூட இல்லாமல். தோணி ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வண்ணக்கர் காக்கிக் காற்சட்டையோடு, முறித்த மரத்துக்குக் கீழே போய் நின்று, அதன் காயத்தில் சேறு அப்பிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திட்டினாரோ, தேற்றினாரோ, தெரியாது.

கலியாணத்துக்கு அவருக்குத்தான் முதலில் வெற்றிலை வைத்தோம். மாமியார் எழுவான்கரையிலிருந்து அவருக்கென்று ஒரு புதுச் சாரனும் கொடுத்து அனுப்பினார். சாரனை வாங்கிக்கொண்டார். ஆனால் வரமாட்டேன் என்றுவிட்டார். முட்டை வெடிக்கிற நேரமாம், இந்த நேரத்தில் அந்தப் பக்கம் பார்க்க ஆளில்லாவிட்டால் காகம் விடாதாம்.

அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. “ஒரு மணித்தியாலத்துக்கு அந்தக் கொக்குகள விட்டுப்போட்டு வந்தா என்ன குறைஞ்சு போகும்?” என்று மணவறைக்குப் பக்கத்தில் நின்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்படி ஒரு குறையும் இல்லை. அந்த மனிசன் எனக்காகக் குஞ்சுகளைத் தனியே விட்டுவிட்டு வந்து பந்தலில் நின்றிருந்தால், அவ்வளவு சனத்துக்கும் முன்னால் மணவறையிலிருந்து எழும்பி, வாய் திறந்து, நானே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.